சுண்டினால்தான் சுற்றும் காற்றுமானி

ஆறு வாரமாக என் சட்டைப் பையில் ஒரு குட்டி விசிறி இருக்கிறது. கையடக்கக் காற்றுமானி, ஆன்லைனில் 2,200 ரூபாய். திரை, பேட்டரி, நீர் புகாத உறை எல்லாம் பெட்டியில் போட்டபடிதான். வெயிலில் எண் தெரிகிறது. இரண்டு முறை கைதவறி விழுந்தும் பிழைத்துக்கொண்டது.

முதலில் ஆதம்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில்தான் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் இருப்பது வசதி. விமான நிலையத்தின் காற்று நிலவரம் அரை மணிக்கொரு தரம் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வருகிறது. மதியம் கடல்காற்று திரும்பியதும் அங்கே 12 என்றால் என் கையில் 8, 9. நாலா பக்கமும் அபார்ட்மென்ட் எழும்பிவிட்ட தெருவில் இது நியாயமான வித்தியாசம். நல்ல பொருள் என்று எழுதியே வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் கடலுக்குக் கொண்டுபோனேன்.

நண்பரின் பாய்ப்படகு. சென்னைத் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 70 கடல் மைல். மார்ச் கடைசி. கோவளம் தாண்டுவதற்குள் பாய்மர உச்சியில் இருந்த காற்றுக்கருவி செத்துப்போனது. இருட்டில் மரமேறி வயரைப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. என் பையிலிருந்த விசிறிக்குத் திடீர்ப் பதவி உயர்வு.

நள்ளிரவுக்குப் பிறகு, மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, காற்று இறங்கிவிட்டது. கருவியை நீட்டினேன். 0.0. கொஞ்ச நேரம் கழித்தும் 0.0. ஆனால் வேர்த்த கன்னத்தில் சிலுசிலுப்பு தெரிகிறது. சுண்டுவிரலால் விசிறியை ஒரு சுண்டு சுண்டினேன். 1.6 என்று காட்டி, நிற்காமல் சுற்றியது! தள்ளிவிட்டால்தான் கிளம்பும் பழைய ஸ்கூட்டர் போல. ஓடுகிற விசிறியை ஓட வைப்பதைவிட, நிற்கிற விசிறியைக் கிளப்ப அதிக விசை வேண்டும். அச்சின் உராய்வு அப்படி. இதைப் பற்றிப் பெட்டியில் மூச்சு இல்லை.

இது என்ன பெரிய குறை என்று கேட்கலாம். 15 நாட் காற்றை அறியக் கருவி எதற்கு? தொப்பி பறந்தாலே தெரிந்துவிடும். 1க்கும் 3க்கும் நடுவில்தான் கருவி வேண்டும். மார்ச்சில் நம் கரையோர நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. காற்றில்லாமல் நின்றால் நிற்பதில்லை, திரும்பச் சென்னைக்குப் போய்க்கொண்டிருப்போம். போதாக்குறைக்கு, அலை ஆட்ட ஆட்ட, விறைக்காத பாய் இங்கும் அங்கும் அறைகிறது. தையல் விடுவதற்கும் ஆணி கழல்வதற்கும் புயலே வேண்டாம், இந்த அறையல் போதும். எங்கள் ஷாக்கிள் (இணைப்பு வளையம்) ஆணி ஒன்று தளத்தில் டிங்கென்று விழுந்தது. கடலில் விழாதது பூர்வபுண்ணியம்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் பாய் இருக்கிற பக்கம் போய் உட்கார வேண்டும். படகு சாய்ந்தால் பாய் தன் எடையிலேயே தொங்கி வயிறு வைக்கும். சுக்கானை அதிகம் அசைக்கக் கூடாது. அதற்கு முதலில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். என் கருவிக்குத் திசையே தெரியாது. நண்பர் டப்பாவிலிருந்து ஒரு முழம் கேசட் டேப்பை எடுத்து நீட்டினார். "ராஜா பாட்டு சார், பாத்துக் கட்டுங்க." பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் கட்டி டார்ச் அடித்தோம். விசிறி அசையாத காற்றில் அந்தப் பழுப்பு நாடா பளபளவென்று கிழக்கே நீண்டது. கரைக்காற்று.

இன்னொரு எரிச்சல், கருவியின் கூடு ஒட்டி மூடியது. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூட வழியில்லை. 2022-23 கோல்டன் குளோப் பாய்ப்படகுப் பந்தயத்தில், காற்றின் விசையிலேயே படகை வழிநடத்தும் கருவி பழுதானபோது, நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி படகின் கழிவறைக் கதவை அறுத்துச் சரிசெய்தார். 236 நாளில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். என் கருவி பழுதானால் கதவே கிடைத்தாலும் பயனில்லை, திறந்தால்தானே!

டிரோன் விடுகிறவர்களும் மொட்டை மாடியில் பேட்மின்டன் ஆடுகிறவர்களும் வாங்கலாம். 4 நாட் வேகத்துக்கு மேல் நம்பலாம். பாய்ப்படகுக்கு வேண்டாம். பரணில் பழைய கேசட் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.