கணினி பெற்ற ஆட்டக்காரர்கள்
'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர் ஜெர்மானியரான மார்க்குஸ் ஹைன்சோன். முதல் பதிப்பு 1999-இல் வந்தது. இதில் நாம் மட்டை பிடிப்பதில்லை, அணியை நிர்வகிக்கிறோம். அணிகள் சுற்று சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கென ஆண்டுதோறும் ஒரு பட்டாளத்தையே கணினி பெற்றுப் போடுகிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், உயரம், இடக்கையா வலக்கையா என்பதோடு உழைப்பு, பேராசை, விசுவாசம் என்று குணமும் உண்டு. திறமைக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண். ஆட்டக்காரர்களை எடைபோடும் நிஜ ஸ்கவுட்டுகளின் அளவுகோலும் அதுவே. நம் கண்ணில் படுவது ஸ்கவுட்டின் கணிப்புதான். அது பிசகவும் செய்யும். முதல் சுற்றில் எடுத்தவன் சோடை போவான், கடைசியில் போனால் போகிறதென்று எடுத்தவன் வெளுத்துக் கட்டுவான். இது மிகையல்ல, நிஜ பேஸ்பாலிலும் நடந்ததுதான்: 1988-இல் 62-ஆம் சுற்றில் தேர்வான மைக் பியாசா என்ற ஆட்டக்காரர், 2016-இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். இந்தத் தாறுமாறுக்கும் கணக்கில் இடம் வைத்ததுதான் இவ்விளையாட்டின் கெட்டிக்காரத்தனம்.