ஓடு உடையும் ஓசை

பழவேற்காட்டு ஏரியின் சேற்று நண்டு, கொடுக்குகள் கட்டப்பட்டு உயிரோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் விலையுயர்ந்த சரக்கு. ஆனாலும் அதைச் சாப்பிட உகந்த இடம் வீடுதான் என்பேன். உணவகத்தில் சட்டைக் கையைப் பற்றிய கவலை இருக்கும். வீட்டில் முழங்கை வரை குழம்பு வழிந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. நண்டைக் கையில் தூக்கினால் கனக்க வேண்டும், அடிவயிற்றை அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஓடு மாற்றிய புதிதில் பிடிபட்டதென்றால் உள்ளே சதையை விட நீர்தான் அதிகம். கொடுக்கைத் தட்டுவதில் இருக்கிறது கைப்பக்குவம்: குழவியால் ஒரே அடி, ஓடு விரிய வேண்டும், சதை நசுங்கக் கூடாது. அந்த விரிசல் வழியேதான் மிளகும் பூண்டும் சோம்பும் உள்ளே இறங்கும். கரும்பச்சை ஓடு சட்டியில் செம்மஞ்சளாக மாறும்போது சின்ன வெங்காயத்தின் இனிப்போடு கடல் வாசனையும் கூடம்வரை வந்துவிடும்.

கொடுக்குச் சதை நார்நாராக வரும். உடற்பகுதியின் அறைகளில் இருப்பது பூப்போல மெல்லியது. அதை எடுக்க நண்டின் கூரான கால் நுனியே போதும். அவசரக்காரருக்குப் பாதிச் சதை ஓட்டிலேயே தங்கிவிடும். பொறுமையாகக் குடைபவருக்கு ஒரு நண்டில் ஒரு மணி நேரம் போகும். நல்ல கனமான நண்டு கிடைத்தால் தேங்காய் அரைக்காதீர்கள். மிளகு மட்டும் போதும்.