மீதி வைக்காத எண்

6746328388800. பதின்மூன்று இலக்கம். நம் வழக்கில் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த ராமானுஜனின் நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசி எண் இது. 1729-ஐத் தெரியாத தமிழர் குறைவு. இந்த எண்ணைத் தெரிந்தவர்தான் குறைவு. எனக்கோ இதுதான் அழகு.

ஒன்றால் வகுங்கள், இரண்டால், மூன்றால் என்று ஏறிக்கொண்டே போங்கள். 28 வரை மீதியே விழாது. 29-இல்தான் முதல் தடங்கல். காரணிகள் மொத்தம் 10080. இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக முப்பது காரணிகள் இருந்தாலே அதிகம்! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. 12, 24, 60 எல்லாம் இதே குலத்தைச் சேர்ந்தவை.

உடைத்துப் பார்த்தால்தான் உள்வேலைப்பாடு தெரியும். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றின் பெருக்கமே இந்த எண். அடுக்குகளை வரிசையாகப் படியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. குளத்துப் படிக்கட்டு போல இறங்குகிறதே தவிர, ஓரிடத்திலும் ஏறவில்லை. ஏறினால் அந்த இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றலாம். காரணிகள் குறையாது, எண் சிறுத்துவிடும். இந்தக் குலத்து எண்களில் கடைசிப் படி எப்போதும் 1-தான், 4, 36 என்ற இரண்டைத் தவிர. இதையும் ராமானுஜன் நிறுவினார்.

இதிலுள்ள சிக்கனம் என்னை மயக்குகிறது. 23-ஐச் சேர்த்ததும் காரணிகள் இரட்டிக்கின்றன. எண் 23 மடங்காகிறது. அதே இரட்டிப்பை 2-ஐ மட்டும் அடுக்கிப் பெற நினைத்தால் 128 மடங்கு வேண்டும், 3-ஐ அடுக்கினால் 243. எந்தக் கல்லை எங்கே வைத்தால் செலவு குறையும் என்று அறிந்த கொத்தனின் கை இது.

கழகம் பணமுடையில் இருந்ததால் கட்டுரை முழுதும் அப்போது அச்சேறவில்லை. எஞ்சிய பகுதி 1997-இல்தான் வெளிவந்தது. அச்சான அளவுக்கே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது.

அட்டவணையில் இந்தக் குலத்து எண்கள் 102. கணினி இல்லாத நாளில் கையால் போட்டவை. இடையில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிற்று: 293318625600. ஒரு தாளை எடுத்து அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசி எண் வரும்.