மருத்துவ இரகசியத்தைக் காப்பவர் யார்?

கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு நீங்கள் ஒருமுறையேனும் சென்றிருக்கலாம். புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி, கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் மக்கள் அதை நாடி வருகின்றனர். மருத்துவக் கல்வியும் அங்கேயே நடைபெறுகிறது. இத்தகைய பெரிய மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட் எத்தனை கைகள் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பதிவு எழுத்தர், செவிலியர், பயிற்சி மருத்துவர், மாணவர், ஆய்வுக்கூட ஊழியர் எனப் பலரும் வேலையின் பொருட்டு அதைப் பார்க்கின்றனர். ஆகவே, இரகசியம் காப்பது மருத்துவர் ஒருவரின் கடமையாக மட்டும் இருந்தால் போதுமா?

ஜிப்மரின் வேர், பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியாகும். பிரான்சின் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 378ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மருத்துவர், மருந்தாளர், மருத்துவச்சி ஆகியோருடன், தொழில் காரணமாகப் பிறர் இரகசியத்தை அறிய நேரும் எவர் அதை வெளியிட்டாலும் சிறையும் அபராதமும் உண்டு என்றது அப்பிரிவு.

நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள், நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது என்கின்றன. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்றே விலக்குகள். நல்ல விதிதான். ஆனால் அது பதிவு பெற்ற மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும், எழுத்தரைக் கட்டுப்படுத்தாது.

விலக்கிலும் சிக்கல் உண்டு. 1995இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி வெளியாகி, அவருடைய திருமணம் நின்றது. ஊராரும் அறிந்ததால் தாம் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது என்று அவர் முறையிட்டார். மணப்பெண் நோயிலிருந்து காப்பாற்றப்பட்டாள் என்று கூறி, 1998இல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. மணப்பெண்ணுக்குச் சொல்வது நியாயமே. ஆனால் ஊருக்குத் தெரிந்தது எப்படி நியாயமாகும்? இக்கேள்விக்குத் தீர்ப்பு உரிய இடம் தரவில்லை.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இக்குறையை நீக்கியது. எவரும் இன்னொருவரின் நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்பது பொது விதி. துணைவருக்குச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் நோயாளியே சொல்லும்படி ஆலோசனை கூற வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்த பிறகு, அவருக்கு அறிவித்துவிட்டே மருத்துவர் சொல்லலாம். காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ இப்படித் தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கணினியில் ஏறிய தகவலுக்கே பொருந்தும். கட்டிலோரம் தொங்கும் காகிதத்துக்குப் பொருந்தாது.

இது வெறும் மான அவமானம் பற்றிய பேச்சு அன்று. ஊர் அறிந்துவிடும் என்று அஞ்சுபவர் சளிப் பரிசோதனைக்கு வரமாட்டார். அவர் இருமும்போது கிருமி வீட்டாருக்கும் பரவும். இரகசியம் காப்பதும் நோய்த்தடுப்பு முறைகளுள் ஒன்றே.

நாளை உங்களில் சிலர் செவிலியராகவோ, ஆய்வுக்கூட ஊழியராகவோ, பதிவு எழுத்தராகவோ ஆகலாம். சட்டம் உங்களைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், கையிலுள்ள தாள் இன்னொருவருடைய வாழ்க்கை என்பதை மறவாதீர்கள்.