அதிர்வலையும் நெய்யரியும்

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்து, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைத் தலைமாணாக்கர்க்கும், நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைத் தாங்கும் நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். இரண்டும் பிரிப்பனவே, கொள்வது எது, விடுவது எது என்பதே வேற்றுமை. பொறியின் அதிர்வைப் பதிந்து ஆராயும் கணினி மென்பொருள் இவற்றுள் எதனை ஒக்கும்? சப்பிரகமுவத் தோட்டப் பொறியொன்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலைத் தொழிற்சாலைகளில், வாடிய கொழுந்தைத் திரிப்பது ரோலர். அது மெல்லச் சுழலும் பொறி. நிமிடத்திற்கு 45 சுற்று எனக் கொள்வோமாயின், அதன் மீடிறன் 0.75 ஹேர்ட்ஸ் ஆகும். அதனை இயக்கும் மோட்டார் நிமிடத்திற்கு 1440 முறை சுழலுமாயின், அதன் மீடிறன் 24 ஹேர்ட்ஸ்.

முதலில் வடிகட்டியை நோக்குவோம். அதிர்வுமானிகள் பலவற்றில் 10 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவை நீக்கப்படுகின்றன. இதற்குக் காரணமும் உண்டு: முடுக்கத்தைத் தொகையிட்டு வேகமாக்கும்போது, மெல்லிய பிறழ்ச்சியும் பெருமலைபோல் எழும். ஆயினும் அவ்வெல்லை ரோலரின் சுழற்சியையே துடைத்துவிடுகின்றது. எஞ்சுவது பெரும்பாலும் மோட்டாரின் குரலே. பெருந்தொழிற் பொறிகளுக்கென 2009இல் வெளிவந்த 10816-3 என்னும் சர்வதேச நியமம், நிமிடத்திற்கு 120 சுற்றுக்குக் குறைந்த பொறிகளைத் தன் எல்லைக்குள் கொள்ளவேயில்லை. அந்நியமத்தின் அட்டவணையைக் காட்டி, 'ரோலர் நலம்' எனத் தீர்ப்பளித்தல் முறையன்று.

அடுத்தது சாளரம். பதிவின் இரு முனைகளும் திடீரென அறுபடுவதால் இல்லாத மீடிறன்கள் தோன்றும். அதனைத் தணிக்கவே ஹான் சாளரம் முனைகளைச் சுழியமாகத் தாழ்த்துகின்றது. ஆனால் அதற்கொரு விலையுண்டு. பற்சக்கரத்தின் உடைந்த பல் எழுப்பும் ஒற்றை மோதல் பதிவின் தொடக்கத்தில் விழுமாயின், அது மங்கி மறையும். மேலும் கூர்முகடு அகலும். ரோலரின் சுமை மாறுங்கால் மோட்டாரின் 24 ஹேர்ட்ஸ் முகட்டுக்கு இருபுறமும் 23.25, 24.75 என்னுமிடங்களில் சிறுமுகடுகள் எழக்கூடும். ஒரு வினாடிப் பதிவில் இவை மூன்றும் ஒன்றாய்க் குழம்பும். எட்டு வினாடிப் பதிவில் கூறிடை 0.125 ஹேர்ட்ஸ் ஆதலின் மூன்றும் தெளிவாகப் பிரியும்; ரோலரின் ஆறு முழுச் சுற்றுகளும் அதனுள் அடங்கும்.

எனவே, குறை வடிகட்டியிலோ சாளரத்திலோ இல்லை. முன்னமைத்த அளவுகளை ஆராயாது ஏற்கும் பழக்கத்திலேயே உள்ளது. பிழையான தீர்ப்பினால் பற்சக்கரம் உடையுமாயின், வாடிய கொழுந்து பழுதாவதோடு, அருகே நிற்கும் தொழிலாளியின் உடலுக்கும் ஊறு நேரலாம். ஆதலின், வடிகட்டாத மூலப்பதிவைப் பேணுதல், நீக்கிய எல்லையையும் சாளரத்தின் பெயரையும் பதிவின் நீளத்தையும் முடிவோடு எழுதுதல், பொறியின் சுழற்சியை முதலில் எண்ணி அறிதல் ஆகிய மூன்றையும் பொறியியல் பயிலும் மாணவர் கடமையாகக் கொள்ளல் வேண்டும். இவை பேணப்படின், முதல் ஆய்வாளன் விட்டதை அடுத்தவன் மூலப்பதிவிலிருந்து மீட்டெடுக்கலாம்.