தானே கற்கவும் ஒரு துணை

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டு, பொறியியல் கல்லூரியின் முதல் வாரத்திலேயே ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுக்கு நாம் சொல்லும் வழி, ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்பது. அதற்காகத்தான் லாங்குவேஜ் லேபும் பயிற்சி மென்பொருளும் கல்லூரிக்குள் வந்தன. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு இடம் தந்தது.

தானே கற்கும் இந்த முறையின் முதல் பலம், கூச்சத்தைப் போக்குவது. அறுபது பேர் நடுவே வாய் திறந்தால் கடைசி பெஞ்சில் சிரிப்பு எழும். தனியே இருந்தால் நூறு முறை தவறலாம். என் மாணவி ஒருத்தி விடுதி மொட்டைமாடியில் தன் குரலைக் கைப்பேசியில் பதிந்து, அகராதிச் செயலியின் குரலோடு ஒப்பிட்டுக் கேட்பாள். ‘டெவலப்’ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்திவந்தவள், அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும் என்பதை அப்படித்தான் கண்டுகொண்டாள். எந்த வகுப்பிலும் அதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. மென்பொருளில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருக்கும். பச்சைக் குறி வரும்வரை மாணவர் ஒவ்வொன்றாக அழுத்துவார். மதிப்பெண் ஏறும், மொழி ஏறாது. பாடவேளை முடிந்ததும் லேப் பூட்டப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தேர்ந்து படிப்பது என்பது ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரியாதவருக்குத் தன் குறை எங்கே என்பதே புலப்படாது. அதனால் முன்னே இருப்பவர் மேலும் முன்னேற, பின்தங்கியவர் அங்கேயே நிற்கிறார்.

பிரான்சின் நான்சி நகரிலிருந்து, மொழியைத் தானே கற்கும் துறைக்கு வழிகாட்டிய ஆன்றி ஒலெக், ஐரோப்பிய கவுன்சிலுக்காக எழுதி 1981இல் வெளியான நூலில் இதைத் தெளிவாக்கினார்: தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் பிறவியில் வருவதில்லை, அதையும் கற்றாக வேண்டும். நாமோ கருவியை வாங்கிக் கொடுத்தோம். அந்தத் திறனைக் கற்றுத்தர ஆளை வைக்கவில்லை.

லேப் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிடம் ஓர் ஆசிரியர் ஒதுக்கினால் போதும். எதைப் படித்தாய், ஏன் அதை எடுத்தாய், எங்கே தடுக்கியது என்று கேட்டு, நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தை ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் கல்லூரி சேர்க்க வேண்டும்.

அந்த மாணவியோடு அப்படித்தான் உட்கார்ந்தேன். முதல் நான்கு சந்திப்பிலும் அடுத்து என்ன செய்வது என்று என்னையே கேட்டாள். ஐந்தாவது முறை, நான் வாய் திறக்கும் முன்பே நோட்டை நீட்டினாள். அடுத்த இரண்டு வாரத்துக்கான பட்டியலை அவளே எழுதியிருந்தாள்.