பல்கலைக்கழக நூலக வலைத்தளங்களும் உள்ளடக்கச் சீர்மையும்

பல்கலைக்கழக நூலகத்தின் வலைத்தளத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் 'சீர்மை' என்ற சொல்லும் உடன் வருகிறது. பெரும்பாலும் அது தோற்றத்தையே குறிக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் ஒரே நிறம், ஒரே எழுத்துரு, மேலே பல்கலைக்கழக முத்திரை, ஓரத்தில் ஒரே பட்டி. இவை தேவைதான். ஆனால் இவை அமைந்தவுடன் சீர்மை வந்துவிட்டதாகக் கருதி வேலையை முடித்துவிடுகிறார்கள். மாணவரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் நிறமோ எழுத்துருவோ அல்ல. ஒரே செய்தி இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருப்பதுதான். இந்தச் சிக்கலை வடிவமைப்பாளரால் தீர்க்க முடியாது. இது நூலகரின் வேலை. அதற்கான பயிற்சியும் நூலகரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே விதி, நான்கு இடங்கள்

இரவல் விதியை எடுத்துக்கொள்ளலாம். முதுகலை மாணவர் எத்தனை நூல்கள் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தாமதமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் 'விதிமுறைகள்' பக்கத்தில் இருக்கும். அதே விவரம் கேள்வி-பதில் பகுதியிலும், புதிய மாணவர்களுக்கான கையேட்டுப் பிடிஎஃப் கோப்பிலும், துறை நூலகத்தின் தனிப்பக்கத்திலும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். விதி மாறும்போது நான்கில் ஒன்றைத்தான் யாராவது திருத்துகிறார்கள். மற்ற மூன்றும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருக்கும். தேடுபொறி வழியாக நேரே ஒரு பக்கத்துக்கு வந்து சேரும் மாணவருக்கு அது பழையது என்று தெரிய வழியில்லை. பக்கத்தில் தேதியும் இருப்பதில்லை. தேர்வுக் காலத்து வேலை நேரம் இப்படித் தவறாக இருந்தால், இரண்டு பேருந்து மாறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

பட்டியலில் உள்ள ஒழுங்கு

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். சீர்மையை நூலகத்துறை அளவுக்குக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த துறைகள் குறைவு. ஒரே ஆசிரியரின் பெயர் 'உ. வே. சாமிநாதையர்', 'உ.வே.சா.', 'சாமிநாத ஐயர்' என்று பலவாறாக வழங்கலாம். பட்டியலிடுபவர் அவற்றில் ஒன்றை நிலைவடிவமாகத் தேர்ந்தெடுப்பார். மற்ற வடிவங்களிலிருந்து அதற்குக் 'காண்க' குறிப்பு கொடுப்பார். எந்தப் பெயரில் தேடினாலும் வாசகர் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார். சார்லஸ் கட்டர் 1876இல் வெளியிட்ட பட்டியல் விதிகளும், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதித்தொகுப்பும் இத்தகைய ஒழுங்கை நிலைநாட்டவே எழுதப்பட்டவை.

ஆசிரியர் பெயரில் ஒரு காற்புள்ளி தவறினாலும் திருத்தும் அதே நூலகம் தன் சேவைகளுக்கு நிலையான பெயர் வைப்பதில்லை. வளாகத்துக்கு வெளியிலிருந்து மின்னிதழ்களைப் படிக்கும் வசதி முகப்பில் 'ரிமோட் ஆக்சஸ்' என்றும், உதவிப் பக்கத்தில் 'தொலைவழி அணுகல்' என்றும், அறிவிப்பில் 'ஆஃப் கேம்பஸ் லாகின்' என்றும் இருக்கக்கூடும். மூன்றும் ஒன்றுதான் என்பது எழுதியவருக்குத் தெரியும். முதல் பருவ மாணவருக்குத் தெரியாது. திரைவாசிப்பானின் துணையுடன் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு இது இன்னும் கடினம். இணைப்பின் பெயரைக் கேட்டே அவர் வழி கண்டறிகிறார். 2008இல் வெளிவந்த வலை உள்ளடக்க அணுகுதிறன் வழிகாட்டியின் 2.0 பதிப்பு, ஒரே பணியைச் செய்யும் கூறுகள் தளம் முழுவதும் ஒரே விதமாக அடையாளம் காட்டப்பட வேண்டும் என்று தனி நெறியே வகுத்திருக்கிறது.

அமைப்பின் பெயரும் மாணவரின் தேவையும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக நூலகர் ஜான் கூப்பர்ஸ்மித், பல நூலகங்கள் நடத்திய பயன்பாட்டுச் சோதனைகளைத் தொகுத்தார். சுருக்கப் பெயர்களும் வணிகப் பெயர்களும், 'தரவுத்தளம்', 'பருவ இதழ்' போன்ற துறைச் சொற்களும் வாசகர்களைத் தடுமாறச் செய்வதை அத்தொகுப்பு காட்டியது.

இந்திய நிலையிலும் இதற்குத் தெளிவான சான்று உண்டு. யுஜிசி-இன்ஃபோநெட், என்-லிஸ்ட், இண்டெஸ்ட் என்று தனித்தனியாக இருந்த மின்னிதழ்க் கூட்டமைப்புகள் 2015இல் இ-சோத்சிந்து என்ற பெயரில் இணைக்கப்பட்டன. 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டமைப்பின் பெயரையே தலைப்பாக வைத்து எழுதப்பட்ட பக்கம் ஒவ்வொரு மாற்றத்திலும் பழசாகிவிடும். 'மின்னிதழ்களைப் படிக்க' என்று தலைப்பிட்டு, திட்டத்தின் பெயரை உள்ளே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். மாணவரின் தேவை இத்தனை ஆண்டுகளிலும் மாறவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு கட்டுரை.

யாருக்காக எழுதப்படுகிறது

இந்த நிலைக்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. நூலகத்தின் ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு பக்கம் கேட்கிறது. அதனால் தளம் அலுவலகத்தின் பிரிவுகளை அப்படியே படியெடுத்ததாக அமைகிறது. 'நூல் ஈட்டல் பிரிவு' என்ற பக்கம் மாணவருக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நாக் போன்ற தர மதிப்பீட்டுக் குழுக்களின் வருகையும் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கிறது. மொத்த நூல்களின் எண்ணிக்கை, கட்டடத்தின் பரப்பளவு, விழாப் படங்கள் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. நூலைப் புதுப்பிக்கும் வழி மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. நூலகம் தன்னைப் பற்றிச் சொல்வதும் வாசகருக்கு வழி சொல்வதும் வெவ்வேறு வேலைகள். ஒரே பக்கத்தில் இரண்டையும் செய்ய முயன்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான் நசுங்குகிறது.

திட்டத்தில் இருக்க வேண்டியவை

உள்ளடக்கத் திட்டத்துக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. முதலில், தளத்தில் உள்ள எல்லாப் பக்கங்களையும் ஓர் அட்டவணையில் எழுத வேண்டும்: என்ன தலைப்பு, யாருக்கு, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது. பொறுப்பாளர் இல்லாத பக்கங்கள் எத்தனை என்பது இங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரே இருப்பிடம் வேண்டும். வேலை நேரம் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்பட வேண்டும். மற்ற இடங்களில் அதற்கு இணைப்பு போதும். மூன்றாவதாக ஒரு சொற்பட்டியல்: சேவைகளின் நிலைப்பெயர்கள், அவற்றின் மாற்றுப் பெயர்கள், தேதியும் நேரமும் எழுதும் முறை. இறுதியாக, பருவத் தொடக்கந்தோறும் பக்கங்களைச் சரிபார்க்கும் வழக்கம். பக்கத்தின் அடியில் திருத்திய தேதியை இடுவதும் இதில் அடங்கும். தேவையற்ற பக்கங்களை நீக்குவதும் பராமரிப்பே. நூல்களைக் கழிவு செய்ய விதி வைத்திருக்கும் நூலகம் பக்கங்களுக்கும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

சீர்மையின் எல்லை

சீர்மை என்ற பெயரில் எதிர்த் தவறும் நடப்பதுண்டு. எல்லாத் துறைகளுக்கும் ஒரே அச்சைத் திணித்தால், சுவடிகள் வைத்திருக்கும் பிரிவின் பக்கத்தில் 'புதிய வரவுகள்' என்ற தலைப்பின் கீழ் எதுவும் இல்லாமல் கிடக்கும். சுவடியைப் பார்க்க முன்அனுமதி பெறும் முறைக்கோ இடமே இருக்காது. சட்ட மாணவர் தேடுவது தீர்ப்புத் திரட்டுகளை. வேதியியல் மாணவர் தேடுவது ஆய்விதழ்களை. பெயர்களும் விதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருளும் விளக்கமும் துறைக்கேற்ப வேறுபடலாம்.

இருமொழித் தளங்களில் இந்த எல்லை இன்னும் நுட்பமானது. ஆங்கிலப் பக்கம் திருத்தப்பட்டுத் தமிழ்ப் பக்கம் பழையபடியே விடப்பட்டால், தமிழில் படிப்பவருக்கு மட்டும் தவறான செய்தி போய்ச் சேர்கிறது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்துப் பராமரிக்க ஆள் இல்லையென்றால், வேலை நேரம், உறுப்பினராகும் முறை, இரவல் விதி, உதவிக்கு அணுக வேண்டிய இடம் ஆகிய சிலவற்றை மட்டும் தமிழில் கொடுத்து அவற்றைத் தவறாமல் திருத்தி வருவது நேர்மையான ஏற்பாடு.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. அடுக்குகளையும் பட்டியலையும் அந்த விதியை வைத்து அளக்கும் பழக்கம் நூலகத்துறையில் உண்டு. வலைத்தளத்தையும் அதே அளவுகோலால் அளக்கலாம். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவரைக் கணினி முன் அமர்த்தி, வரும் ஞாயிறன்று நூலகம் திறந்திருக்குமா என்று கண்டறியச் சொல்லி, அவர் எங்கெங்கே தேடுகிறார் என்று அருகில் இருந்து பார்த்தால் போதும். தளத்தின் உண்மை நிலை சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.